ரெண்டு பக்கமும் வேற நம்பர்

வாங்க தம்பி. செருப்பை உள்ளயே கழட்டி விடுங்க, வெளிய விட்டா எதிர்வீட்டு நாய் தூக்கிட்டுப் போயிடும். நீங்கதான இளம்பரிதி? போன்ல பேசினது? குரலை வெச்சு வயசானவரா இருப்பீங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அது ஆடும். இதுல உக்காருங்க.

சென்னையிலேருந்து எந்த வண்டியில வந்தீங்க? பஸ்சா? ரயிலு ரயிலுன்னு உயிர விடுறவங்க விருத்தாசலத்துக்கு பஸ்சுல வந்திருக்கீங்க. எங்க வீட்டுக்காரரு இருந்திருந்தா சிரிச்சிருப்பாரு. இல்ல, சிரிச்சிருக்க மாட்டாரு. மூக்கால ஒரு மூச்சு விடுவாரு. அவருக்கு அதுதான் சிரிப்பு.

அவரு செஞ்ச குட்டி ரயில் என்ஜினுங்க, பதினோரு அட்டைப்பெட்டியும் எடுத்து வெச்சிருக்கேன் பாருங்க. ஒவ்வொண்ணு மேலயும் அவரு கையால என்ஜின் நம்பர் எழுதியிருக்கு. உங்க கூட்டத்து ரயில் கண்காட்சியில வெச்சு, கலியமூர்த்தி ஐயா நினைவாகன்னு ஒரு போர்டு வெப்பேன்னு சொன்னீங்க. வைங்க. எம் பொண்ணு ராஜியும் அதான் சொன்னா. குடுத்துடும்மா, வீட்டுல வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன்னா. எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி. நெசமாவே ஒண்ணும் இல்ல. அவரு போயி நாப்பத்தஞ்சு நாளு ஆச்சு, அழுகையும் வரல, பசியும் வரல. மணி பாத்துதான் சாப்பிடுறேன். வர்றவங்கல்லாம், அழுதுடு தையலு, மனசுலயே வெச்சுக்காதங்கறாங்க. நான் என்னத்த வெச்சுக்கிட்டிருக்கேன்னு எனக்குத் தெரிஞ்சாத்தான?

ஐயோ, அப்படித் தூக்காதீங்க. ஓரத்துல போற கைப்பிடிக் கம்பியப் பிடிச்சா வளைஞ்சிடும். அடியில டீசல் டேங்க் இருக்கு பாருங்க, அங்க கை குடுத்துத் தூக்குங்க. ஆங், அப்படி. அதுல முன்பக்கம் எதுன்னு தெரியுதா? நீளமா இருக்கிறத முன்பக்கம்னு நெனச்சுக்கிட்டு வெச்சுடாதீங்க, அந்த என்ஜின்ல குட்டையா இருக்கிற பக்கந்தான் முன்னாடி. உங்களுக்குத் தெரியாததா! எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாது. நான் பொம்மைன்னுதான் சொல்லுவேன். ஒவ்வொரு தடவையும் 'மாடலு'ன்னு திருத்துவாரு. முப்பது வருசம் திருத்தினாரு, நான் முப்பது வருசமும் பொம்மைன்னுதான் சொன்னேன்.

டெலிபோன் ஆபீசுல இருந்தவருல்ல, கம்பிய சூடு வெச்சு ஒட்டுறதெல்லாம் அவருக்குக் கை வந்த வேல. நெசமான டீசல் என்ஜின எண்பத்தேழுல ஒரு பங்காக் குறைச்சு, ஒரு சாண் நீளத்துக்குக் கொண்டாந்துடுவாரு. கதவுக்குக் கீல் வெப்பாரு, கீலுக்கு ஆணி வெப்பாரு. வாசல்ல கேட் கீல் கழண்டு ஒரு வருசமா சாக்குக் கயித்துல கட்டியிருந்துச்சு, அதப் பாக்க மாட்டாரு. ரேடியேட்டருக்கு சன்ன வலை வேணும்னு என் டீ வடிகட்டிய வெட்டி எடுத்துட்டாரு ஒரு தடவ. ஒரு வாரம் முந்தானையில டீ வடிச்சேன். கேட்டா, இந்த வலை எவ்ளோ கரெக்டா இருக்கு பாரு தையலுன்னு எனக்கே காட்டுறாரு.

அரை மில்லிமீட்டர் தப்பா இருந்தா மொத்தத்தையும் பிச்சுப் போட்டுட்டு முதல்லேருந்து ஆரம்பிப்பாரு. அத மட்டும் மனசுல வெச்சுக்குங்க தம்பி, பின்னாடி வேணும்.

பன்னெண்டாவதா ஒண்ணு இருக்கு. இல்ல, இந்தப் பெட்டியில இல்ல, உள்ள பீரோவுல இருக்கு. தர்றேன். தராம எங்க போகப் போறேன்? ஆனா அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் கொரியர்ல அனுப்பாம, நேர்ல வாங்கன்னு சொன்னது. அவரு என் மேல கோவமா இருக்கேன்னு உங்ககிட்ட எப்பவாவது சொன்னாரா? அந்தக் கோவத்தோடதான் போயிட்டாரான்னு எனக்குத் தெரியணும்.

இருங்க, உடனே இல்லன்னு தலையாட்டாதீங்க. என்னான்னு கேளுங்க முதல்ல.

ஆயுத பூஜைக்கு மொத நாளு. வீட்டுல இருக்கிற சாமானெல்லாம் கழுவித் தொடச்சு வெக்கிறேன். தையல் மிஷினு, கிரைண்டரு, அருவாமனை, அவரோட சூட்டுக்கோலு, திருப்புளி எல்லாம். இவரு பொரி கடலை வாங்கப் போயிருக்காரு. மேசையில பேப்பர் விரிச்சு அதுமேல ஒரு என்ஜினோட மேல்கூடு மட்டும் தனியா வெச்சிருக்கு. மூணு மாசமா அதே வேலையா உக்காந்திருந்தாரு, எனக்குத் தெரியும். கிட்டப் போயிப் பாத்தா ஒரே அழுக்கு. கூரையெல்லாம் கரி. பக்கவாட்டுல எண்ணெய் ஒழுகின மாதிரி கறுப்புக் கோடு. கீழ செம்மண்ணு. நான் என்ன நெனப்பேன் சொல்லுங்க? பாவம் மனுசன், செய்யுற மும்முரத்துல தொடைக்க மறந்துட்டாருன்னு நெனச்சேன். பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால, இண்டு இடுக்கு விடாம, பூப்போலத் தேய்ச்சுக் கழுவினேன். அந்தச் சின்னக் கம்பிங்க ஒண்ணுகூட வளையல தம்பி. அவ்ளோ பதவிசாத்தான் தேய்ச்சேன். அப்புறம் தொடச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, தையல் மிஷின் பக்கத்துல வெச்சேன்.

வந்தாரு. பாத்தாரு. "கழுவினியா?"ன்னாரு.

"ஆமா, எப்படிப் பளபளன்னு இருக்கு பாருங்க"ன்னேன்.

நாற்காலியில உக்காந்துட்டாரு. "மூணு மாசம், தையலு"ன்னாரு. அவ்ளோதான்.

அப்புறந்தான் எனக்கே தெரியும், அந்த அழுக்கு அவராப் போட்ட அழுக்காம். வெதரிங்காம். கலர் சாக்பீஸைப் பொடி பண்ணி, பிரஷ்ஷால தொட்டுத் தொட்டு, எந்த இடத்துல புகை படியும், எந்த இடத்துல எண்ணெய் வழியும்னு போட்டோவப் பாத்துப் பாத்து வெச்சிருக்காரு. ராஜி கல்யாணத்துக்குப் பத்திரிகை வெக்கப் போன அன்னிக்கு நம்ம ஸ்டேஷன்ல நின்ன என்ஜினாம் அது. அன்னிக்கு என்ன அழுக்கோட நின்னுச்சோ அதே அழுக்கு. மறுநாளு அது மேல வார்னிஷ் அடிக்கிறதா இருந்தாராம். அடிச்சிருந்தா நான் எவ்ளோ தேய்ச்சாலும் போயிருக்காது. பொடியும் போச்சு, தண்ணியில ஊறவெச்சு ஒட்டுவீங்களே கடுகு சைசுல நம்பர், அதுவும் ரெண்டு பக்கமும் உரிஞ்சு போச்சு.

எனக்கும் கோவம் வந்துச்சு தம்பி. ஊர் உலகத்துல அழுக்கப் போக்கத்தான் பாடுபடுவாங்க, இந்த மனுசன் அழுக்க ஒட்டப் பாடுபட்டிருக்காரு. அத நான் எப்படிக் கண்டேன்? "இது நல்ல அழுக்கு, தொடாதேன்னு ஒரு சீட்டு எழுதி வெச்சிருக்கலாம்ல"ன்னு கேட்டேன். சிரிப்பாருன்னு நெனச்சேன். மூக்கால மூச்சுகூட விடல.

தீபாவளி வரைக்கும் அளந்து அளந்துதான் பேசினாரு. வேணும், வேணாம், சரி. தீபாவளிக்கு ராஜியும் மாப்பிள்ளையும் வந்திருந்தாங்க. அதிரசம் நல்லாருக்கு தையலுன்னாரு. அது மாப்பிள்ளை முன்னாடி நடிப்பு, எனக்குத் தெரியாதா?

அவங்க ஓசூருக்குக் கெளம்பிப் போயி நாலஞ்சு நாளு இருக்கும். ஒரு நாளு காலையில எழுந்து கட்டில் ஓரமா உக்காந்திருக்காரு. வலது கைய இடது கையால பிசைஞ்சுக்கிட்டே இருக்காரு. கைய மடக்கிப் போட்டுத் தூங்கியிருப்பாரு, மரத்துப் போச்சு போலன்னு நெனச்சேன். "காபி வேணுமா?"ன்னு கேட்டேன். என்னையே பாக்குறாரு. வாயத் தெறந்தாரு, அப்புறம் மூடிக்கிட்டாரு. சரி, இனிமே சுத்தமாப் பேசுறதில்லன்னு முடிவு பண்ணிட்டாரு போலன்னு நெனச்சேன். அவருக்குத்தான் ரோஷம் இருக்குமா, எனக்கு இருக்காதா? நானும் நிறுத்திட்டேன்.

எங்க வீட்டுல சண்டைன்னா அப்படித்தான் தம்பி. கத்தல் கூச்சல் எதுவும் கெடையாது. செவுத்தப் பாத்துப் பேசுறது. "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு." "தண்ணி வந்துடுச்சு, குளிக்கிறவங்க குளிக்கலாம்." மூஞ்சியப் பாக்காமச் சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிடுவேன். யாரு முதல்ல பேசுறாங்களோ அவங்க தோத்தாங்க. எப்பவும் மூணு நாளு, மிஞ்சிப் போனா ஒரு வாரம். எப்பவும் அவருதான் தோப்பாரு. ஸ்பேனரக் காணோம், நீ பாத்தியான்னு வருவாரு. ஸ்பேனரு அவரு பாக்கெட்லயே இருக்கும்.

இந்தத் தடவ வரவே இல்ல. ஒரு வாரம் ஆச்சு, ஒரு மாசம் ஆச்சு. நானும் விடல. அவரு செய்யிறதெல்லாம் என்னைச் சீண்டன்னே செஞ்ச மாதிரி இருந்துச்சு. சட்ட பட்டன மாத்திப் போட்டுக்கிட்டு வந்து நிப்பாரு, ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி. நான் போட்டு விடணும்னு எதிர்பாக்குறாரு, போட்டு விட்டா நான் தோத்த மாதிரின்னு விட்டுட்டேன். கொழம்ப மடியில சிந்துவாரு. கைய ஒரு மாதிரி வெச்சுக்கிட்டு, இடது கையால டம்ளரத் தூக்குவாரு. அம்பத்தெட்டு நாளு அப்படியே பேச்சில்லாம, கறை வேட்டியோட திரிஞ்சாரு. நான் எண்ணினேன், ஆமா. வேற வேல?

ஒரு நாளு மத்தியானம், தட்டுல சோறு வெச்சிருக்கேன். சாம்பாருல உப்பு கம்மி, எனக்கே தெரியும். என்னைப் பாத்து, "சாவி"ன்னாரு.

அவ்ளோ நாளு கழிச்சு மொத வார்த்த. என்னா சாவின்னு செவுத்தப் பாத்துக் கேட்டேன். "சாவி, சாவி"ங்கறாரு, தட்டக் காட்டுறாரு, வெரலத் தேய்ச்சுக் காட்டுறாரு. உப்பத்தான் கேக்குறாருன்னு எனக்குப் புரிஞ்சுடுச்சு தம்பி. நல்லாவே புரிஞ்சுது. ஆனா கிண்டல் பண்றாரு, கழுவத் தெரியாதவளுக்கு உப்புக்கும் சாவிக்கும் வித்தியாசம் தெரியுமான்னு குத்திக் காட்டுறாருன்னு எனக்குப் பட்டுச்சு. பீரோ சாவிக் கொத்த எடுத்தாந்து தட்டுப் பக்கத்துல டங்குன்னு வெச்சேன். சாவியையே பாத்துக்கிட்டிருந்தாரு. கைய எடுத்து அது மேல வெச்சாரு. அப்புறம் உப்பில்லாமலே சாப்பிட்டு எழுந்துட்டாரு.

டீ ஆறுது தம்பி, குடிங்க. பரவால்ல, எனக்கு ஒண்ணும் இல்ல. சொல்றதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. வேற யாருக்கோ நடந்த மாதிரிதான் இருக்கு.

பொங்கலுக்கு ராஜி வந்தா. "ஏம்மா அப்பா ஒரு மாதிரி இருக்காரு?"ன்னா. "உங்கப்பனுக்கு ராங்கி"ன்னேன். "மூஞ்சி ஒரு பக்கம் தொங்குதேம்மா"ன்னா. "எம் மேல இருக்கிற கோவத்துல மூஞ்சியத் தூக்கி வெச்சு வெச்சு அப்படியே நின்னுடுச்சு"ன்னேன். அவளும் சிரிச்சுட்டா. நானும் சிரிச்சேன். அவரும் எங்களப் பாத்துட்டு மூக்கால மூச்சு விட்டாரு.

அதுக்கப்புறம் ஒரு மாசந்தான். காலையில பத்து மணிக்கு மேசைக்கு முன்னாடி உக்காந்திருந்தவரு சாஞ்சுட்டாரு. எதிர்வீட்டுக்காரரு கார்லயே பாண்டிச்சேரிக்குக் கொண்டு போனோம். ரெண்டு நாளு இருந்தாரு. கண்ணு தெறக்கல.

அங்க ஒரு டாக்டரு, சின்ன வயசுதான், தலைக்கு எடுத்த ஸ்கேன விளக்குல வெச்சுக் காட்டுனாரு. இது இப்ப வந்த அடைப்பு. இது பழசு, மூணு மாசத்துக்கு மேல ஆயிருக்கும், இதான் பேச்சு வர்ற எடம், வலது கையும் இங்கேருந்துதான். வீட்டுல யாரும் கவனிக்கலையாம்மான்னாரு. நான் சொன்னேன், "அதெல்லாம் இல்ல டாக்டர், அவரு எம் மேல கோவத்துல பேசாம இருந்தாரு, நான் என்ஜினக் கழுவிட்டேன்"னு. டாக்டரு ராஜியத் திரும்பிப் பாத்தாரு. ராஜி தலையக் குனிஞ்சுக்கிட்டா. டாக்டருக்கு என்ன தெரியும் தம்பி? அவரு படத்தத்தான் பாத்தாரு, நான் முப்பத்தாறு வருசமா ஆளப் பாத்தவ.

எனக்கு சாட்சியும் இருக்கு. இருங்க, எடுத்துட்டு வர்றேன்.

இந்தாங்க. இதான் பன்னெண்டாவது. காரியமெல்லாம் முடிஞ்சு மேசைய ஒதுக்கும்போதுதான் பாத்தேன். மறுபடி அழுக்கெல்லாம் போடல, நான் கழுவினது கழுவினபடியேதான் இருக்கு. நம்பர மட்டும் ஒட்டியிருக்காரு. எப்ப ஒட்டினாருன்னு தெரியல, மார்கழி மாசமெல்லாம் மேசையிலயேதான் கெடந்தாரு. இந்தப் பக்கம் படிங்க. ஒண்ணு, ஆறு, ஏழு, மூணு, எட்டு. இப்பத் திருப்பி அந்தப் பக்கம் படிங்க.

ஒண்ணு, ஆறு, ஏழு, எட்டு, மூணு.

பாத்தீங்களா? ஒரே என்ஜினுக்கு ரெண்டு பக்கமும் வேற நம்பர். அந்த எட்டு சாஞ்சு வேற கெடக்குது. அரை மில்லிமீட்டருக்குப் பிச்சுப் போடுற மனுசன், நம்பர மாத்தி ஒட்டுவாரா? வேணும்னே ஒட்டியிருக்காரு. நீ கழுவின பொறவு இது என்ஜினே இல்ல, பொம்மைதான், எந்த நம்பர ஒட்டினா என்னன்னு எனக்கு எழுதி வெச்சுட்டுப் போயிருக்காரு. நீங்க அவரு மாதிரி ஆளு, நீங்க சொல்லுங்க. உங்க கூட்டத்துல ஒருத்தரு நம்பரத் தெரியாம மாத்தி ஒட்டுவாங்களா?

மாட்டாங்கல்ல? அதான் கேட்டேன்.

என்ன தம்பி? ஏன் அந்த எட்டையே தடவிக்கிட்டு இருக்கீங்க?

என்னது? நீங்களா? போன் பண்ணீங்களா, எப்ப? கார்த்திகையிலயா?

ம். ம். சொல்லுங்க.

அவரு போட்ட போட்டோவுல ஹார்னு தப்பான எடத்துல இருக்குன்னு உங்க வாட்ஸப் குரூப்புல எழுதினீங்களா? எந்த என்ஜினுக்கு? சரி, ஏதோ ஒண்ணு. எல்லாரும் பாக்கிற எடத்துல எழுதிட்டீங்க. அதுக்கு அவரு பதில் போடல. போன் பண்ணினா ம், ம்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டாரு. மூணு தடவ பண்ணீங்களா? மூணு தடவையும் ம், ம் தானா?

அதனால உங்க மேல கோவம்னு நெனச்சு நீங்களும் விட்டுட்டீங்க.

இல்ல தம்பி. அழாதீங்க. உங்க மேல இல்ல. ஒரு ஹார்னுக்கெல்லாம் அவரு கோவிச்சுக்க மாட்டாரு, சொல்றது சரியா இருந்தா ஒடனே கழட்டி மாத்திடுவாரு. அவரு கோவம் எம் மேலதான். எனக்குத்தான் அது. அத நீங்க எடுத்துக்காதீங்க.

என்ன சொல்ல வர்றீங்கன்னு எனக்குத் தெரியுது. டாக்டரு சொன்னதத்தான் நீங்களும் சொல்லப் போறீங்க. ராஜி தெனமும் போன்ல அதத்தான் சுத்தி சுத்திச் சொல்றா. வேணாம். நீங்க இந்த என்ஜினையும் எடுத்துக்கிட்டுப் போங்க, கண்காட்சியில வைங்க, நம்பரத் தப்புன்னு யாரு சிரிச்சாலும் சிரிக்கட்டும். ஆனா கேக்குறவங்ககிட்ட, பொண்டாட்டி மேல கோவத்துல வேணும்னே மாத்தி ஒட்டினதுன்னு சொல்லுங்க. கோவம்னே இருக்கட்டும் தம்பி. கோவம்னா அது எங்களுக்குள்ள, நான் சமாளிச்சுக்குவேன்.

கோவம் இல்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க. கோவம் இல்லன்னா, அந்த மனுசன் மூணு மாசமா எங்கிட்டப் பேசத்தான் பாத்திருக்காரு.